ஸ்பிரிங்குக்கு அமுங்க இடம் வேண்டும்

அருள், நேற்று சாயங்காலம் நீ போனில் சொன்னதற்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் கோபம். போனில் கோபப்பட்டால் நீ "சரிம்மா, பாக்கலாம்மா" என்று சொல்லி முடித்துவிடுவாய். பிறந்ததிலிருந்து உன்னிடம் நான் கேட்டதில் பாதி அந்தப் 'பாக்கலாம்மா'வுக்குள்தான் கிடக்கிறது. அதனால் எழுதுகிறேன். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. உன் ஒர்க்‌ஷாப் கூட்டாளிகள் சுற்றி நின்று படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. கல்யாணம் ஆகப்போகிற எந்தப் பையன் படித்தாலும் நல்லதுதான்.

நீ சொன்னதை நான் சரியாகக் கேட்டுக்கொண்டேனா என்று பார். கல்யாணத்துக்கு முந்தின நாள் பெருமாள்மலையிலிருந்து அனுபவமுள்ள டிரைவரோடு ஒரு டாக்ஸி வரும். நானும் அப்பாவும் வாந்தி மாத்திரை போட்டுக்கொண்டு அதில் ஏறி, பழனி வழியாகக் கோயம்புத்தூர் வந்து சேர வேண்டும். நீ மேலே வரமாட்டாய். "இனிமே ஒன்னய வச்சு நான் மலைல ஓட்டமாட்டேம்மா" என்று கடைசியில் சொன்னாயே, அந்த ஒரு வரிதான் எனக்குப் பொறுக்கவில்லை. இதை எழுதும்போது சமையலறை ஜன்னல் வழியாக உன் வெள்ளைக் கார் தெரிகிறது. தார்ப்பாயின் மேல் பனி வெள்ளையாகப் படிந்திருக்கிறது. பேரிக்காய்க் காலத்தில் நீ மூடிவிட்டுப் போனதை இன்னும் யாரும் திறக்கவில்லை.

கொடைக்கானலிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு மலைரோடு ஒத்துக்கொள்ளாது என்றால் டூரிஸ்ட்டுகள் சிரிப்பார்கள். வளைவில் தலையை வெளியே நீட்டி வாந்தி எடுப்பது அவர்களுடைய சொத்து என்று நினைப்பு. நம் ஊரில் என்னைப் போல எத்தனையோ பேர் உண்டு, வெளியே சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே போவேன். இடுப்பில் செய்தித்தாளைச் சுற்றிக்கொண்டு போவேன். புளிப்பு மிட்டாய், முன்சீட்டு, ஜெபமாலை, எல்லாம் பார்த்தாயிற்று. பெருமாள்மலை தாண்டியதும் கண்ணை மூடினால் அடிவாரத்தில்தான் திறப்பேன். பக்கத்தில் உன் அப்பா, மின்வாரியத்தில் லைன்மேனாக மலை முழுக்க ஏறி இறங்கிய மனுஷன், முதல் வளைவிலேயே குறட்டை விட ஆரம்பித்துவிடுவார். அவருக்கு மலைரோடு தாலாட்டு. எனக்கு அது தண்டனை.

என் தங்கச்சி கல்யாணத்தில் நடந்தது உனக்குத் தெரியும், ஆனாலும் இன்னொரு தடவை சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கடிதத்துக்கு அது வேண்டும். திண்டுக்கல்லில் கல்யாணம். வாந்தி வந்துவிடக்கூடாது என்று ஒரு மாத்திரைக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டு இறங்கினேன். வாந்தி வரவில்லை. தூக்கம் வந்தது. கோயிலில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து பூசை முழுக்கத் தூங்கினேன். தாலி கட்டும்போது பக்கத்தில் இருந்தவள் இடித்தாள், எழுந்து நின்று, நின்றபடியே தூங்கினேன். அந்த ஆல்பத்தை எடுத்துப் பார், எந்தப் படத்திலும் என் கண் திறந்திருக்காது. தங்கச்சி இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள். நானும் சேர்ந்து சிரிப்பேன். உள்ளுக்குள் எனக்கு அது சிரிப்பு இல்லை. கூடப் பிறந்தவள் கழுத்தில் தாலி ஏறுவதை நான் பார்க்கவில்லை.

நீ கார்களுக்கு அடியில் படுக்கப் போனதே என்னால்தான் என்று அப்பா சொல்வார். இருக்கலாம். ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்த புதிதில் லீவுக்கு வந்தபோது டேஷ்போர்டில் ஒரு எவர்சில்வர் டம்ளரை டேப் வைத்து ஒட்டி, முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி, ஏரிச் சுற்று ரோட்டில் என்னை உட்காரவைத்து ஓட்டினாய். எந்த வளைவில் எந்தப் பக்கம் சிந்துகிறது என்று நான் பார்த்துச் சொல்லவேண்டும். "சிந்துற தண்ணிதாம்மா ஒன் வயிறு. இது சிந்தாம நான் ஓட்டுற மாதிரி ஆக்கிட்டா நீ எங்க வேணாலும் போலாம்" என்றாய். போகிறவர்கள் எல்லாம் இந்த அம்மாவுக்கும் பையனுக்கும் என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள். எனக்கு அவமானமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. அம்மாவின் வாந்தியை நிறுத்துவதற்காக எந்தப் பிள்ளை படிப்பைத் தேர்ந்தெடுக்கும்?

எனக்குப் புரிகிற மாதிரி நீ சொல்லிக்கொடுத்த விதமும் எனக்குப் பிடிக்கும். நான் வேலை பார்த்த பள்ளி ஹாஸ்டல் சமையலறைக் கதவை எடுத்துக்கொண்டாய். அதில் ஸ்பிரிங் போட்டிருந்தார்கள், தள்ளிவிட்டால் வந்து அடிக்கும், திரும்பிப் போகும், மறுபடி அடிக்கும். "ஸ்பிரிங் மட்டும் இருந்தா கார் இப்பிடித்தாம்மா, ஆடிக்கிட்டே இருக்கும். அத ஆடவிடாம மெதுவா புடிச்சு நிறுத்துற கைதான் ஷாக் அப்சார்பர். நம்ம ரோட்டுல ஓடுற பாதி வண்டில அந்தக் கை செத்துப்போயி கெடக்கு. ஓட்டுறவனுக்குத் தெரியாது, ஒன்ன மாதிரி ஒக்காந்து வர்றவங்களுக்குத்தான் தெரியும்." அப்புறம் சாம்பார் அண்டா. அண்டாவின் காதில் கம்பு கொடுத்து இரண்டு பேர் இரண்டு பக்கம் தூக்கிக்கொண்டு போவோம் இல்லையா, அதுபோல இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் கட்டிப்போடுகிற ஒரு கம்பி உண்டு, அதற்குப் பெயர் ஸ்வே பார் என்றாய். ஒரு பக்கம் தாழ்ந்தால் மற்றப் பக்கத்தையும் சேர்த்து இழுக்கும், அதனால் வண்டி சாயாது. ஆனால் கம்பு ரொம்ப விறைப்பாக இருந்தால் ஒருத்தி கல்லில் இடறும்போது அடுத்தவளுக்கும் தோள்பட்டை இறங்கும். அதை நீ சொல்லவில்லை. தூக்கினவள் நான், எனக்குத் தெரியும்.

உன்னிடம் வருகிற பையன்கள் எல்லாம் வந்த உடனே காரைத் தாழ்த்து, தடிமனான ஸ்பிரிங் போடு என்பார்களாம். நீ மாட்டேன் என்பாயாம். முதலில் டயர். அப்புறம் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் தேய்ந்துபோன ரப்பர் புஷ்கள். அப்புறம் ஷாக் அப்சார்பர். அப்புறம் நாலு சக்கரமும் ஒரே திசையைப் பார்க்கிறதா என்று அலைன்மென்ட். இவ்வளவும் சரியான பிறகுதான் ஸ்பிரிங்கைப் பற்றிப் பேச்சு. அந்த வரிசைப்படிதான் நம் காரையும் செய்தாய். ஒவ்வொரு லீவுக்கும் வந்து முற்றத்தில் படுத்துக் கிடப்பாய். சாப்பிடக் கூப்பிட்டால் கால் மட்டும் அசையும்.

அப்பாவுக்குப் பல் கட்ட பழனிக்கு இறங்கினோமே, அந்த நாளைத்தான் நான் சொல்ல வந்தேன். வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு, மடியில் பையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு வளைவு போயிற்று. இன்னொன்று போயிற்று. வண்டி சாய்ந்ததுதான். ஆனால் நான் சாயப்போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சாய்வதுபோல மெதுவாகச் சாய்ந்து, அங்கேயே நின்று, மெதுவாக நிமிர்ந்தது. வயிற்றுக்குத் தெரியவே இல்லை. என்னடா இது என்று கண்ணைத் திறந்தேன். மேகம் விலகியிருந்தது. கீழே வெகு தூரத்தில் பழனிக் கோயில் மலை கைக்கடக்கமாக இருந்தது. அதற்கு இந்தப் பக்கம் தண்ணீர் வெயிலில் பளபளத்தது.

"ஏலே, அது என்ன தண்ணி?" என்று கேட்டேன்.

"வரதமாநதி டேம்மா. நீ பாத்ததே இல்லயா?"

"எங்க பாத்தேன்? இந்த எடத்துக்கு வரும்போது என் தல பைக்குள்ள இருக்கும்."

நீ பலமாகச் சிரித்தாய். அப்புறம் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு, அந்தப் பக்கமாகத் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டாய். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாய். நாம் இரண்டு பேரும் இறங்கி நின்று பார்த்தோம். அப்பா பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. எனக்குக் கல்யாண வயசில் பிள்ளை இருக்கிறது, தலை நரைத்துவிட்டது, அன்றைக்குத்தான் நான் குடியிருக்கிற மலையை முதல்முதலாகப் பார்த்தேன். அதை எனக்குக் காட்டியவன் நீ. இதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. நம் வீட்டில் இதெல்லாம் சொல்லிக்கொள்கிற பழக்கம் கிடையாது. இப்போது சொல்கிறேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நீ என் பிள்ளை. சாம்பாரில் உப்புச் சரியாக இருக்கும்போதே இன்னொரு சிட்டிகை போட்டுப் பார்க்கிற கை எனக்கும் உண்டு. "இன்னும் லேசா சாயுதும்மா" என்றாய். சாயட்டும் என்றேன். கேட்கவில்லை. கோயம்புத்தூரில் ரேஸ் ஓட்டுகிற டிராக்கில் போட்டுப் பார்த்து, விறைப்பான ஸ்பிரிங் போட்டுக் காரைத் தாழ்த்தி, தடித்த ஸ்வே பார் மாட்டி, பானட்டுக்கு அடியில் இரண்டு பக்கத்தையும் இறுக்கிக் கட்டுகிற ஒரு கம்பியும் போட்டாய். டம்ளர் சிந்தவில்லை என்று வீடியோ அனுப்பினாய். நிச்சயதார்த்தத்துக்கு எங்களை அழைத்துப்போக அந்தக் காரோடு வந்தாய். கோயில் முன்னால் உள்ள வேகத்தடையில் அது வயிற்றை உரசிக்கொண்டு ஏறியது. "வண்டி நல்லா நிக்குதுப்பா. என் பல் செட்டுதான் நிக்கமாட்டேங்குது" என்று அப்பா சொன்னார். நீ சிரித்துக்கொண்டே "மெயின் ரோட்டுக்குப் போனா சரியாயிரும்" என்றாய்.

மறுநாள் புறப்படும்போது டிக்கியை நிரப்பினோம். நிரப்பாமல்? சம்பந்தி வீட்டுக்கு மலையிலிருந்து வெறுங்கையோடு இறங்குகிற குடும்பம் எது? பேரிக்காய் பெட்டி பெட்டியாக, கேரட், தாண்டிக்குடி மலைவாழைத் தார், கிளாவரையிலிருந்து என் அண்ணன் அனுப்பிய பூண்டு மூட்டை. "அவுங்க வீட்டு பிரிட்ஜு சின்னதும்மா" என்று நீ கேலி பண்ணினாய். "பூண்ட எவடா பிரிட்ஜில வைப்பா" என்றேன். அப்புறம் நீயேதான் டிக்கியை முழங்காலால் அமுக்கி மூடினாய். காரின் பின்பக்கம் சப்பணம் போட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது. நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன், அப்பாவும் பார்த்தார். ஒருவருக்கும் எதுவும் தோன்றவில்லை. நமக்கு அது விசேஷத்துக்குப் போகிற வண்டி, அப்படித்தான் இருக்கும்.

சவரிக்காடு தாண்டி, தூறலில், இடது பக்கம் திரும்பும்போது மழைத்தண்ணீர் ரோட்டைக் குறுக்கே அரித்திருந்தது. நீ வேகமாகப் போகவில்லை. இதை யார் கேட்டாலும் நான் சொல்வேன். பின்னால் 'டக்'கென்று ஒரு சத்தம், பின்பக்கம் துள்ளி வெளியே போயிற்று. நீ ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பியதும், கால் பதறாமல் இருந்ததும், முன்பக்கம் சரியாகத் திரும்பி வந்ததும் எனக்கு ஒவ்வொன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் நான் கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தேன். பின்பக்கம் கைப்பிடிச் சுவரில் மோதி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் மரங்களின் உச்சிதான் தெரிந்தது. என் மணிக்கட்டு உடைந்திருந்தது. பேரிக்காய் ஒன்று கியர் பக்கத்தில் உருண்டு வந்து நின்றது. அப்பா எழுந்து, "பழனி வந்துருச்சா?" என்று கேட்டார்.

பழனி ஆஸ்பத்திரி பெஞ்சில் என் கைக்கட்டைப் பார்த்துக்கொண்டே நீ சொன்னாய்: "பின்னாடி ஸ்பிரிங்குக்கு அமுங்க எடமே இல்லம்மா. வண்டிய தாழ்த்துனப்பவே பாதி எடத்த நான் தின்னுட்டேன். மூட்டை மிச்சத்தத் தின்னுருச்சு. குழியில எறங்கவும் அடியில இருக்குற ஸ்டாப்பர் ரப்பர்ல போயி முட்டிருச்சு. அப்பறம் அது ஸ்பிரிங்கு இல்லம்மா, வெறுங்கட்ட. டயர் தரைய விட்டுருச்சு." கைக்கட்டின் நுனியைச் செருகிவிட்டு, "டிராக்குல நான் மட்டுந்தான ஓட்டுனேன். டிக்கி காலி" என்றாய். அதற்கப்புறம் நீ அதைப் பற்றிப் பேசவில்லை. காரை மேலே கொண்டுவரச் செய்து, பழைய ஸ்பிரிங்கையும் பழைய கம்பியையும் நீயே திரும்ப மாட்டினாய், தார்ப்பாயைப் போட்டாய், பஸ் ஏறிப் போய்விட்டாய். போகும்போது டேஷ்போர்டிலிருந்து டம்ளரைப் பிய்த்துச் சமையலறையில் வைத்துவிட்டுப் போனாய். ஒட்டிய பசை இன்னும் அடியில் இருக்கிறது.

நிச்சயத்தைச் சம்பந்தி வீட்டாரே மேலே வந்து நடத்திவிட்டுப் போனார்கள், நல்ல மனுஷர்கள். மருமகளாக வரப்போகிற நான்சி நம் வாசலில் இறங்கியதும் செய்த முதல் காரியம் ரோஜாத் தொட்டிக்குப் பக்கத்தில் வாந்தி எடுத்தது. "சாரிங்க அத்த, சாரிங்க அத்த" என்று அந்தப் பிள்ளை கூச்சத்தில் செத்துப்போயிற்று. அந்த நிமிஷமே எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது. முகம் கழுவத் தண்ணீர் கொடுத்து எலுமிச்சம்பழத்தையும் கையில் கொடுத்தேன். போன வாரம் அவள் எனக்குப் போன் செய்தாள். நீ சொல்லியிருக்கமாட்டாய், அதனால் அவள் சொன்னாள். "அவரு ஸ்பிரிங்கு வேலையவே விட்டுட்டாருங்க அத்த. ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டர்ல ஒக்காந்து பில்லு போட்டுட்டு இருக்காருங்க. கேட்டா பேச்ச மாத்துறாருங்க. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க." அவள்மேல் கோபப்படாதே. பட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

அந்த ஒரு வார்த்தையைத்தான் இவ்வளவு நீளமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்கு உன் தொழில் தெரியாது. ஆனால் உன் கார் ஒவ்வொரு கட்டத்திலும் எப்படி இருந்தது என்று என் வயிற்றுக்குத் தெரியும். உன் டம்ளர் நான்தான். அந்த உரிமையில் சொல்கிறேன், எனக்குத் தொந்தரவு கொடுத்தது சாய்வது இல்லை, அருள். திடீரென்று சாய்வதுதான். மலைரோட்டில் சாயாத வண்டி எதற்கு? சாயட்டும். குழி வந்தால் குழியில் இறங்கி ஏறட்டும். நாலு சக்கரமும் தரையை விடாமல் இருந்தால் போதும். எனக்காக ஆரம்பித்து, என்னை மறந்துவிட்டு டம்ளரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாய். தப்பு அவ்வளவுதான். அதற்காகக் கவுண்டரில் போய் உட்காருவது உப்புக் கூடிவிட்டது என்று அடுப்பையே அணைப்பது மாதிரி. ஹாஸ்டலில் நான் அப்படிச் செய்திருந்தால் பிள்ளைகள் எத்தனை வேளை பட்டினி கிடந்திருக்கும் தெரியுமா?

இதை வைத்துக் கல்யாணத்துக்குப் புத்தி சொல்லப்போகிறாள் என்று நினைப்பாய். சொல்லத்தான் போகிறேன், பெற்றவளுக்கு வேறென்ன சோலி? கல்யாணமான புதிதில் உன் அப்பா எதற்கும் எதிர்த்துப் பேசமாட்டார். நான் சொன்னால் சரி, அவருடைய அம்மா சொன்னாலும் சரி, ஆபீசில் சொன்னாலும் சரி. அலுங்காத மனுஷன் என்று எல்லோரும் மெச்சினார்கள். ஒரு நாள் குழம்பில் புளி கூடிவிட்டது. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, தாண்டிக்குடிப் பக்கம் லைன் வேலை என்று போனவர் அந்த வாரம் முழுக்க வீட்டுக்கு வரவில்லை. புளிக்காகவா? அதற்கு முன்னால் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறார், அவருக்குள் அமுங்க இடம் இல்லாமல் போய்விட்டது. வந்த பிறகு நான்தான் அவருக்குச் சண்டை போடக் கற்றுக்கொடுத்தேன். சின்னச் சின்னதாக, அன்றன்றைக்கு. இப்போது நன்றாகவே போடுகிறார், நீயே கேட்டிருக்கிறாய். நீ அவர் ஜாதி. வாயைத் திறக்காமல் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் போகிற ஜாதி. நான்சியிடம் அதைச் செய்யாதே. மனசு கசங்கினால் கசங்கியது என்று அன்றைக்கே சொல். அவள் சொன்னால் கேட்டுக்கொள். அவளுடைய வேலை, அவள் வீட்டுக் கவலை, நம் வீட்டுக் கவலை, நாளைக்குப் பிள்ளைகள் என்று மூட்டைகள் ஏறிக்கொண்டேதான் இருக்கும். உங்கள் இரண்டு பேரை மட்டும் கணக்குப் போட்டுக் குடும்பத்தை இறுக்கி வைக்காதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இன்று காலையில் அந்த டாக்ஸிக்காரருக்கு நானே போன் செய்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் மரியாதையான மனுஷர், "மகன் வர்றாருங்களாம்மா?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். மாத்திரையும் வாங்கப்போவதில்லை. உன் கல்யாணத்தில் நான் தூங்கமாட்டேன். உன் காரில், நீ ஓட்டி, நான் கோயிலுக்கு வந்து சேரவேண்டும். நீ வரவில்லையென்றால் நானும் வரவில்லை, முதல் பெஞ்சில் உன் அப்பா மட்டும் தனியாக உட்கார்ந்திருப்பார். மிரட்டுகிறேன் என்று வைத்துக்கொள். உண்மையில் கெஞ்சுகிறேன்.

பயம் இல்லையா என்று கேட்பாய். இருக்கிறது. இந்தப் பனியில் மணிக்கட்டு வலிக்கும்போதெல்லாம் அந்த மரங்களின் உச்சி நினைவுக்கு வருகிறது. உனக்கும் இருக்கும் என்று தெரியும். அன்றைக்கு என்னைச் சுவருக்கு இந்தப் பக்கம் நிறுத்தியதும் உன் கைதான், அருள். நீ எதை நினைத்து நினைத்துக் குமைகிறாயோ அதே நிமிஷத்தில்தான் நான் அதையும் பார்த்தேன். அதனால் பயந்துகொண்டேதான் வருவேன், ஆனால் உன்னோடுதான் வருவேன்.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னாலேயே வெள்ளனே பஸ் ஏறி வந்துவிடு, உன் சாமான் பையையும் எடுத்துக்கொண்டு வா. தார்ப்பாயை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் பார். சுவரில் இடித்த பின்பக்கத்தையும் பார், அலைன்மென்டையும் பார், ஷாக் அப்சார்பரையும் பார். ஆனால் காலி வண்டியாக வைத்துப் பார்த்தால் சும்மா விடமாட்டேன். என்னை முன்சீட்டில் உட்காரவை. அப்பாவைப் பின்னால் உட்காரவை, அவர் அங்கேயே தூங்கினாலும் பரவாயில்லை. கிளாவரையிலிருந்து மாமா பூண்டு மூட்டை அனுப்பிவிட்டார், இந்தத் தடவை உன் கல்யாணம் என்று மூட்டை கொஞ்சம் பெரிசு. அதையும் மலைவாழைத் தாரையும் டிக்கியில் வை. அதற்கப்புறம் கீழே படுத்து, ஸ்பிரிங்குக்கு இன்னும் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்று பார். இடம் போதாதென்றால் அதற்கேற்ற ஸ்பிரிங் போடு. மூட்டையைக் குறைக்கச் சொல்லாதே. நாங்கள் இவ்வளவுதான், இப்படித்தான் வருவோம். டம்ளர் தேவையில்லை. எப்படி இருக்கிறது என்று நான் சொல்கிறேன்.

சவரிக்காடு வளைவில் மெதுவாகப் போ. ஒன்றும் பேசவேண்டாம். அதைத் தாண்டிக் கீழே தண்ணீர் தெரிகிற இடத்தில் மட்டும் ஓரமாக நிறுத்து. நான் முன்சீட்டில் கண்ணைத் திறந்துகொண்டுதான் இருப்பேன். இந்தத் தடவை அப்பாவையும் எழுப்பிவிடலாம், பாவம், அவர் இன்னும் அதை நம்மோடு நின்று பார்க்கவில்லை.

அம்மா